கைக்கியரா, தானியங்கியா? மண்சாலைக்கு ஏற்ற வண்டி எது?



ஆண்டிறுதித் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்த கையோடு ஆசிரியர் அறையில் தொடங்கிய பேச்சு ஒன்று இந்தப் பதிவாக வளர்ந்திருக்கிறது. எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரின் மகனுக்குப் பதினேழு வயது நிறைந்துவிட்டது. கைக்கியர் உரிமம் எடுப்பதா, தானியங்கி உரிமம் எடுப்பதா என்பது அவர் கவலை. இன்னோர் ஆசிரியரின் அண்ணன் மகள் பயிற்சியை முடித்துவிட்டுச் சரவாக் உட்புறப் பள்ளி ஒன்றுக்குப் பணியாற்றப் போகிறாள். அங்கே மரம் ஏற்றும் லாரிகள் ஓடும் மண்சாலைதான் வழி. மூன்றாமவர் ஒரு மாணவனின் தந்தை. கேரித் தீவுப் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் குத்தகை வேலை செய்கிறார். பழைய பிக்-அப் ஒன்று வாங்க எண்ணியிருக்கும் அவர், "டீச்சர், உங்க அப்பாவைக் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார்.

மூவர் கேட்டதும் ஒரே கேள்விதான். சேற்றிலும் மேட்டிலும் வெள்ளத்திலும் கைவிடாத வண்டி எது? கையால் கியர் மாற்றுவதா, தானே மாற்றிக்கொள்வதா?

நான் பொறியாளர் அல்லேன். தமிழும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியை. எனினும் காப்பார் வட்டாரத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுக்கு மேல் லேண்ட் ரோவரும் லாரியும் ஓட்டியவருக்கு மகளாகப் பிறந்தேன். என் தம்பியோ வார இறுதியானால் ஃபோர் வீல் வண்டியோடு காட்டுக்குக் கிளம்புகிறவன். மற்ற வீடுகளில் திரைப்படம் பேசுவது போல் எங்கள் வீட்டில் கியர்ப் பெட்டி பேசப்படும். அப்பா கைக்கியர்க் கட்சி. தம்பி தானியங்கிக் கட்சி. இருவர் வாதத்தையும் பல்லாண்டுகள் கேட்டதன் பயனையே இங்கு எழுதுகிறேன்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

பேச்சு வழக்கில் 'மேனுவல்', 'ஆட்டோ' என்கிறோம். தமிழகத்திலிருந்து வந்த உறவினரிடம், "ஆட்டோ காரில் வந்தேன்" என்று சொன்னால், மூன்று சக்கர வண்டியைத் தேடுவார். ஆகவே இந்தப் பதிவில் கைக்கியர், தானியங்கி என்றே எழுதுகிறேன்.

கைக்கியர் வண்டியில் என்ஜினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே கிளட்ச் என்னும் உராய்வுத் தட்டு இருக்கிறது. மிதித்தால் தொடர்பு அறும், விட்டால் சேரும். பாதி மிதித்துப் பாதி விட்ட நிலையில் தட்டு வழுக்கிக்கொண்டே சுழலும். அப்போது எழும் வெப்பமே தட்டைத் தின்கிறது.

தானியங்கியில் அந்த இடத்தில் டார்க் கன்வர்ட்டர் என்னும் எண்ணெய் நிறைந்த உருளை இருக்கும். உள்ளே எதிரெதிராக இரண்டு விசிறிச் சக்கரங்கள். ஒன்றை என்ஜின் சுழற்ற, அது வீசும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றுகிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால் மற்றது மெல்லச் சுழலத் தொடங்கும். அறிவியல் பாடத்தில் மாணவர்களுக்குக் காட்டத்தக்க சோதனை இது. நடுவிலுள்ள மூன்றாவது சக்கரம் திரும்பி வரும் எண்ணெயைச் சரியான கோணத்தில் திருப்பிவிடுகிறது. அதனால் வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது என்ஜினின் முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகிச் சக்கரங்களுக்குச் செல்கிறது. இங்கே உராய்வுத் தட்டு தேய்வதில்லை, எண்ணெய்தான் சூடேறுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தானியங்கி என்ற ஒரே பெயரில் பல வகைகள் உலவுகின்றன. மேலே சொன்ன டார்க் கன்வர்ட்டரோடு பற்சக்கரக் கியர்கள் சேர்ந்தது ஒன்று. இரண்டு கப்பிகளுக்கு நடுவே உலோகப் பட்டை ஓடும் சி.வி.டி. இன்னொன்று. பெரோடுவா 2021இல் வெளியிட்ட அத்திவாவில் இருப்பது இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டு கிளட்சுகளைக் கணினி மாற்றி மாற்றி இயக்கும் வகை மூன்றாவது. பின்னிரண்டும் நகரச் சாலைக்கு நல்லவை, எரிபொருளை மிச்சப்படுத்துபவை. காட்டுக்குப் போகும் பிக்-அப் வண்டிகளில் இருப்பதோ பெரும்பாலும் முதல் வகை. "தானியங்கி சேற்றுக்கு ஆகாது" என்று ஒருவர் சொன்னால், "எந்தத் தானியங்கி?" என்று கேட்டுவிட்டே வாதத்தைத் தொடங்க வேண்டும்.

ஏற்றம், இறக்கம், சேறு

முதலில் சேற்றை எடுத்துக்கொள்வோம். கிள்ளான், கோலலங்காட் கடற்கரைத் தோட்டங்களின் மண் களிமண். மழை பெய்தால் சோப்புக்கட்டி போல் வழுக்கும். இத்தகைய இடத்தில் வண்டி ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றால் புதையும். கைக்கியரில் கியர் மாற்றக் கிளட்சை மிதிக்கும் அந்த ஒரு நொடியில் சக்கரத்துக்கு விசை போகாது. சேறு அந்த நொடிக்காகவே காத்திருக்கும். தானியங்கியில் விசை அறுபடாமல் செல்வதால் வண்டி நிற்பதில்லை. முடுக்கியை மெல்ல அழுத்தினால் சக்கரமும் மெல்லவே சுழலும். தம்பி கட்சிக்கு இது முதல் வெற்றி.

அடுத்தது ஏற்றம். மேட்டின் நடுவில் நின்றுவிட்ட கைக்கியர் வண்டியை மீண்டும் நகர்த்தக் கை பிரேக், கிளட்ச், முடுக்கி மூன்றையும் ஒத்திசைக்க வேண்டும். பழகாதவர் கிளட்ச் தட்டைக் கருக்கிவிடுவார். அந்த நாற்றம் முகர்ந்தவர்க்கு மறக்காது. அப்பா போன்றோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஏற முடியாமல் என்ஜின் அணைந்துவிட்டால், பிரேக்கை மிதித்தபடி தாழ்விசையில் பின் கியரைப் போட்டுவிட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். பிறகு பிரேக்கை மெல்லத் தளர்த்திக்கொண்டே சாவியைத் திருப்புவார்கள். என்ஜினைத் துவக்கும் மோட்டாரே வண்டியை ஓரடி நகர்த்தி என்ஜினையும் எழுப்பிவிடும். வண்டி உருளாமல், நடக்கும் வேகத்தில் பின்னோக்கி இறங்கிவிடும். இன்றைய கைக்கியர் வண்டிகள் பலவற்றில் கிளட்சை மிதித்தால்தான் என்ஜின் எழும். ஆகையால் அந்த வித்தைக்கு அவற்றில் இடமில்லை. தானியங்கியில் பிரேக்கை மிதித்துப் பின்கியருக்குத் தள்ளினால் போதும்.

மூன்றாவது இறக்கம். இங்கே அப்பாவின் குரல் ஓங்கும். "இறக்கத்துல கிளட்ச மிதிச்சா வண்டி உனக்குச் சொந்தமில்ல, பள்ளத்துக்குச் சொந்தம்" என்பார். தாழ்விசை முதல் கியரில் போட்டுவிட்டுக் கால்களை ஒதுக்கிவைத்தால், என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கும். பிரேக் சூடேறாது, சக்கரம் பூட்டி வழுக்காது. பழைய மூன்று, நான்கு கியர்த் தானியங்கிகளில் எண்ணெய் வழியாகவே பிடிப்பு வந்ததால் வண்டி இறக்கத்தில் நழுவி ஓடும். அக்காலத்து ஓட்டுநர்களின் அச்சம் நியாயமானதே. பின்னர் வந்தவற்றில் கியர்கள் ஆறு, எட்டு, பத்து என்று பெருகின. எண்ணெய்ச் சக்கரங்களை ஒன்றாகப் பூட்டிவிடும் அமைப்பு வந்தது. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் பிடித்து இறக்கும் மின்னணு உதவியும் சேர்ந்தது. ஆயினும் எளிய, பழைய வண்டிகளை ஒப்பிட்டால் இறக்கத்தில் கைக்கியர்க்கே என் மதிப்பெண். கேமரன் மலையில் காய்கறி மூட்டைகளோடு செங்குத்தான பாதைகளில் இறங்கும் பழைய லேண்ட் ரோவர்களையும், சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளையும் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

போர்க்களம் முதல் இன்றுவரை

தானியங்கி என்பது நகரத்துச் சொகுசு என்ற எண்ணம் நம்மிடையே ஆழப் பதிந்திருக்கிறது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கிப் பெட்டியை 1940ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளுக்கென 1939இல் அறிமுகப்படுத்தியது. இரண்டாம் உலகப் போரில் எம்5 என்ற இலகு டாங்கியில் இரண்டு கெடிலாக் என்ஜின்களோடு இரண்டு ஹைட்ராமேட்டிக் பெட்டிகளைப் பொருத்தினார்கள். புதிதாகப் படையில் சேர்ந்த இளைஞனும் டாங்கியை எளிதில் ஓட்ட முடிந்தது. அதே போரில் புகழ்பெற்ற ஜீப்புக்கோ மூன்று கியர் கொண்ட கைக்கியர்ப் பெட்டி. 1980களில் ஜீப்பின் இடத்துக்கு வந்த ஹம்வீ வண்டியைத் தானியங்கியாகவே அமைத்தது அமெரிக்கப் படை.

நம் தோட்டங்கள் அறிந்த லேண்ட் ரோவர் 1948இல் பிறந்தது. அந்த மரபில் வந்த டிஃபெண்டர், சில சிறப்புப் பதிப்புகள் நீங்கலாக, கைக்கியர் வண்டியாகவே 2016 ஜனவரியில் உற்பத்தி முடியும் வரை இருந்தது. 2019இல் வெளியான புதிய டிஃபெண்டரில் கைக்கியரே கிடையாது. எட்டு கியர்த் தானியங்கி மட்டுமே. ஆஸ்திரேலியப் பண்ணைகளும் சுரங்கங்களும் நம்பியிருக்கும் டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசை அங்கே நெடுங்காலம் கைக்கியரோடு மட்டுமே விற்கப்பட்டது. 2023இல் அதற்கும் தானியங்கிப் பெட்டி வந்தது. கடினமான பாதைக்கென்றே வண்டி செய்கிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தானியங்கிக்கு இடம் தருகிறார்கள்.

நம் நாட்டிலேயே, 1997 முதல் மழைக்காலத்துச் சேற்றில் நடத்தப்பட்டு வரும் மழைக்காட்டுச் சவால் போட்டியைப் பற்றிக் கேட்டால், தம்பி மணிக்கணக்கில் பேசுவான். இரண்டு வகை வண்டிகளும் சேற்றில் புதைகின்றன. இரண்டையும் வெளியே இழுப்பது முன்னால் பொருத்திய வின்ச் கம்பிதான் என்று சிரித்துக்கொண்டே முடிப்பான்.

வெள்ளம் கற்பித்தது

2021 டிசம்பர் 18ஆம் நாளைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் மறந்திருக்க மாட்டோம். விடாமல் பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது. மக்கள் கூரைகளிலும் மாடிகளிலும் காத்திருந்தார்கள். தன்னார்வலர்கள் படகுகளிலும் லாரிகளிலும் ஃபோர் வீல் வண்டிகளிலும் உதவிக்குச் சென்றார்கள். தம்பியும் நண்பர்களோடு போனான். அவன் வண்டி தானியங்கி. உடன் சென்ற நண்பருடையது கைக்கியர். தண்ணீர் இரண்டையும் எப்படித் தாக்குகிறது என்பதை அந்த நாள்கள் எங்களுக்குக் காட்டின.

கைக்கியர் வண்டியில் தண்ணீரும் சேறும் கிளட்ச் இருக்கும் கூட்டுக்குள் புகுந்தால் தட்டு வழுக்கும். காய்ந்த பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும்; சேறு தங்கிவிட்டால் தட்டும் பேரிங்கும் விரைவில் தேயும். பழைய லேண்ட் ரோவர்களில் ஆற்றைக் கடக்குமுன் கிளட்ச் கூட்டின் அடியிலுள்ள துளையை ஒரு திருகால் அடைப்பார்கள், கடந்தபின் கழற்றிவிடுவார்கள். அந்தத் திருகை அப்பா ஒரு தகர டப்பாவில் போட்டு இருக்கைக்கு அடியில் வைத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

தானியங்கியில் நிலைமை வேறு. பெட்டிக்கு மூச்சுவிட ஒரு சிறு குழாய் உண்டு. ஓடிச் சூடேறிய பெட்டி திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளே காற்று சுருங்கும். அந்தச் சுருக்கம் குழாய் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். தானியங்கி எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு நிறம். தண்ணீர் கலந்தால் சிராப் பண்டோங் போல் இளஞ்சிவப்பாகிவிடும். பெட்டிக்குள் இருக்கும் உராய்வுத் தட்டுகளின் மேற்பூச்சு பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீர் அந்தப் பசையைப் பிரித்துவிடும். சில நாள் வண்டி நன்றாக ஓடுவது போலவே தோன்றும். பிறகு கியர் விழாது. இதற்காகவே காட்டுக்குப் போகிறவர்கள் மூச்சுக் குழாயை நீட்டி என்ஜின் மூடிக்கு அருகே உயரத்தில் கட்டிவிடுகிறார்கள். ஆழமான நீருக்கு முன் சற்று நின்று, பெட்டி ஆறியபின் இறங்குகிறார்கள்.

பெற்றோர்களுக்கு இவ்விடத்தில் மூன்று செய்திகள். வெள்ளத்தில் நின்ற மகிழுந்தை, தண்ணீர் வடிந்தவுடன் ஆவலில் இயக்கிப் பார்க்காதீர்கள். இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பி எல்லா எண்ணெய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். தானியங்கி வண்டியைக் கயிறு கட்டித் தரையில் உருட்டி இழுக்க விடாதீர்கள். பெரும்பாலானவற்றில் என்ஜின் ஓடினால்தான் பெட்டிக்குள் எண்ணெய் பம்பு இயங்கும். மூன்றாவதாக, வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது. சிறப்பு ஆபத்துகளுக்கான கூடுதல் காப்பைத் தனியே எடுக்க வேண்டும். சாலை வரி புதுப்பிக்கும் நாளில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

நம்பகமானது எது?

இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல முடியாது. கைக்கியர்ப் பெட்டி எளிமையானது. கிளட்ச் தேய்ந்தால் சிற்றூர்ப் பட்டறையிலும் மாற்றிவிடலாம். பேட்டரி செத்துப்போனால் நாலு பேர் தள்ளி ஓட்டிவிடலாம். தானியங்கியில் அது நடக்காது. ஆனால் கைக்கியர் ஓட்டுநரின் காலை நம்பி வாழ்வது. ஒரே வகை வண்டியில் ஒருவர் கிளட்ச் மாற்றாமல் பத்தாண்டு ஓட்டுவார். இன்னொருவர் ஒரே மழைக்காலத்தில் கருக்கிவிடுவார்.

தானியங்கி ஓட்டுநரின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும், கவனிப்பின்மையைப் பொறுக்காது. அதன் எதிரி வெப்பம். சேற்றிலும் ஏற்றத்திலும் மெல்ல ஊரும்போது எண்ணெய் கடுமையாகச் சூடேறும். வெப்பம் பத்துப் பாகை கூடினால் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பட்டறைக்காரர்களின் பொதுவிதி. ஆயுள் முழுவதற்கும் எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை என்று விற்பனையாளர் சொல்லலாம். கையேட்டைப் புரட்டினால் பாரம் ஏற்றுதல், மண்சாலை, கடும் வெப்பம், நெரிசல் ஆகியவற்றுக்குத் தனிப் பட்டியல் இருக்கும். அங்கே இடைவெளி குறைவு. கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை ஏழு மணிக்கு ஊர்கிற நமக்கும் அந்தப் பட்டியல்தான் பொருந்தும்! பழுதாகிவிட்டால் தானியங்கியைத் திறந்து சரிசெய்யத் தனித் தேர்ச்சி வேண்டும்; செலவும் பல ஆயிரம் ரிங்கிட் வரை போகலாம்.

சுருங்கச் சொன்னால், கைக்கியர் அடிக்கடி சிறு செலவு வைக்கும். தானியங்கி அரிதாகப் பெருஞ்செலவு வைக்கும். நாம் எதைத் தாங்க முடியும், எங்கே ஓட்டுகிறோம், யார் ஓட்டுகிறார் என்பவையே விடையை முடிவு செய்கின்றன.

அப்பாவின் இடது முழங்கால்

இதுவரை எழுதியவை இயந்திரத்தைப் பற்றியவை. இந்த வாதம் எங்கள் வீட்டில் வேறு பொருள் பெற்றதையும் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வலது கால் உறுதி. கண் பார்வையும் தெளிவு. இடது காலால் மட்டும் கிளட்சை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. மருத்துவர் தானியங்கி ஓட்டத் தடையில்லை என்றார். அப்பா மறுத்துவிட்டார். "தானா ஓடுற வண்டில உக்காந்திருக்க நான் எதுக்கு?" என்பதே அவர் விடை. தம் பழைய கைக்கியர் வண்டியை விற்க விடவில்லை, ஓட்டவும் இல்லை. வாரம் ஒரு முறை அதைக் கழுவுவார். சந்தைக்கும் கோவிலுக்கும் யாராவது அழைத்துப் போகக் காத்திருப்பார். காத்திருக்கத் தெரியாத மனிதர் அவர். தோட்டத்தில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும், நள்ளிரவில் லயத்துக்கு வந்து கதவைத் தட்டுவது அவரைத் தேடித்தான். கிள்ளான் மருத்துவமனைக்கு எத்தனை பேரைக் கொண்டு சேர்த்தார் என்பதற்குக் கணக்கில்லை. பிறரை ஏற்றிச் சென்றே வாழ்ந்தவர் பிறர் வண்டிக்காக வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்ப்பது எங்களுக்குக் கடினமாக இருந்தது. பேச்சும் குறைந்துவிட்டது.

பழைய தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குத் தம்பியின் பிக்-அப்பில் குடும்பமாகப் போயிருந்தோம். திரும்பும்போது மழை. செம்பனைக்கு நடுவே செல்லும் குறுக்குப் பாதையில் ஓரிடத்தில் பாதை இரண்டாகக் குழிந்து நீர் நிரம்பியிருந்தது. தம்பி நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று யோசித்தான். பின்னிருக்கையிலிருந்து அப்பா இறங்கினார். குடையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் இரு தடங்களையும் நடந்து பார்த்தார். காலால் மண்ணை அழுத்தினார். புல் முளைத்திருந்த நடுமேட்டைக் காட்டி, "இதுல ஒரு சக்கரம், அந்த ஓரத்துல ஒரு சக்கரம்" என்றார். தம்பி சாவியை நீட்டவில்லை; ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கிப் பக்கத்து இருக்கைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

அப்பா ஏறினார். தாழ்விசையைப் போட்டு, கியர் கோலை முதல் கியரில் பூட்டச் சொன்னான் தம்பி. அவ்வளவுதான் பாடம். வலது காலால் முட்டையைத் தொடுவது போல் முடுக்கியைத் தொட்டார். வண்டி அவர் காட்டிய வழியிலேயே, ஒரு முறைகூடச் சக்கரம் வீணாகச் சுழலாமல், அக்கரை ஏறியது. வீடு வரை அவரே ஓட்டினார். வழியில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வாரம் தம்பியை அழைத்துத் தம் பழைய வண்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்று கேட்டார். இப்போது சிறிய தானியங்கி மகிழுந்து ஒன்றில் தாமே சந்தைக்குப் போகிறார். பக்கத்து வீட்டு அம்மாவையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார்.

அப்பாவின் திறமை அவர் இடது காலில் இருந்ததில்லை. மண்ணைப் படிக்கும் கண்ணில் இருந்தது. எந்தக் கியர்ப் பெட்டியும் அதைத் தந்துவிடாது. எந்தக் கியர்ப் பெட்டியும் அதைப் பறித்துவிடாது.

மூவருக்கும் என் விடை

பதினேழு வயது மகனுக்கு: நம் நாட்டில் தானியங்கி வண்டிக்கு மட்டுமான 'டிஏ' உரிமம் 2014இல் அறிமுகமானது. 'டி' உரிமம் பெற்றவர் இரண்டையும் ஓட்டலாம். 'டிஏ' பெற்றவர் கைக்கியரைத் தொட்டால் குற்றம். இளையவர், உடல் நலமுள்ளவர், எந்த வேலைக்குப் போவார் என்று இன்னும் தெரியாதவர் என்றால் 'டி' எடுப்பதே நல்லது. சில வாரச் சிரமம். வாழ்நாள் முழுதும் கதவு திறந்திருக்கும். உடல் காரணமோ மிகுந்த பதற்றமோ இருந்தால் 'டிஏ' எடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. அதைச் 'சோம்பேறி உரிமம்' என்று கேலி செய்வதைப் பெரியவர்கள் நிறுத்த வேண்டும்.

சரவாக் செல்லும் ஆசிரியைக்கு: அங்கே வண்டியை நீ தேர்ந்தெடுக்கப் போவதில்லை அம்மா, கிடைத்ததில்தான் போவாய். ஆகவே 'டி' உரிமத்தோடு போ. தனியே ஓட்டாதே. மழைக்குப் பின் உள்ளூர் ஓட்டுநர் புறப்படத் தயங்கினால் நீயும் தயங்கு. மரம் ஏற்றிய லாரிக்கு எப்போதும் வழிவிடு. எந்தக் கியர் என்பதைவிட இவை உன் உயிரைக் காக்கும்.

செம்பனைக் குத்தகை செய்யும் தந்தைக்கு: அப்பாவைக் கேட்டேன், தம்பியையும் கேட்டேன். இருவரும் ஒத்துப்போன அரிய நாள் அது. பழைய வண்டி, பாரம் ஏற்றும் வேலை, கையில் உள்ள பணம் அளவானது என்பதால் கைக்கியரே வாங்குங்கள். பழைய தானியங்கிப் பெட்டி ஒரு முறை கெட்டால், வண்டி விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வாங்குமுன் மேட்டில் நிறுத்திப் புறப்பட்டுப் பாருங்கள். கிளட்சின் நிலை அங்கே தெரிந்துவிடும்.

வகுப்பறைக்கு வருவோம்

ஆசிரியை எழுதும் பதிவு பள்ளிக்கு வராமல் முடியாது அல்லவா?

கணிப்பொறி வந்தது, கைப்பேசி வந்தது, பிள்ளைகள் எதையும் உழைத்துக் கற்பதில்லை என்று நாம் அடிக்கடி வருந்துகிறோம். கேட்ட கேள்விக்கு விடை எழுதித் தரும் செயலிகளும் வந்துவிட்டன. எல்லா உழைப்பையும் காப்பாற்ற வேண்டும் என்று சிலரும், எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விட்டுவிடலாம் என்று சிலரும் வாதிடுகிறார்கள். எங்கள் வீட்டு வாதத்தைக் கேட்ட எனக்கு இரண்டும் நிறைவு தரவில்லை. கற்றலில் எது இடது காலின் வேலை, எது கண்ணின் வேலை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

வெண்பலகையில் எழுதிய பத்துக் கணக்குகளையும் வரி பிசகாமல் பார்த்து எழுதுவது இடது காலின் வேலை. அச்சிட்ட தாளைக் கொடுத்துவிட்டால் நேரம் மிஞ்சும், பிள்ளைக்கு இழப்பில்லை. "ஒரு கூடையில் 48 மாம்பழம்; ஆறு பேருக்குச் சமமாகப் பங்கிடு" என்ற வரியைப் படித்து, இது கூட்டலா வகுத்தலா என்று முடிவு செய்வது கண்ணின் வேலை. அதை இயந்திரத்திடம் கொடுத்தால் பிள்ளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பது போல் தோன்றும். உண்மையில் பின்னிருக்கையில் இருப்பான்.

வாய்பாடு எந்த வகை? பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. என் கருத்தில், அது கைக்கியர் உரிமம் போன்றது. ஆறாம் ஆண்டில் கணிப்பானைத் தொடுவதற்குத் தடை வேண்டாம். ஆனால் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் வாய்பாட்டைக் கையும் வாயும் பழகியிருக்க வேண்டும். அப்போதுதான் கணிப்பான் 48ஐ ஆறால் வகுத்து 80 என்று காட்டும் நாளில், "எங்கோ தவறாக அழுத்திவிட்டேன்" என்று பிள்ளைக்கே தோன்றும். ஓட்டத் தெரிந்தவருக்குத் தானியங்கி நல்ல துணை. மண்ணைப் பார்க்கவே பழகாதவருக்கு எட்டுக் கியர் இருந்தும் பயனில்லை.

விடுமுறையில் பிள்ளைகளோடு நெடும்பயணம் போகிறவர்கள், புறப்படுமுன் எண்ணெயும் டயரும் பாருங்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டால் அவசரப்படாமல் ஓரிடத்தில் ஒதுங்கி நில்லுங்கள். பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளையிடம், "முன்னால் சாலை எப்படி இருக்கிறது, சொல் பார்க்கலாம்" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கண்ணுக்கு அது நல்ல பயிற்சி.